பஸ்ராவின் மூன்று சகோதரர்கள்

2024 ஆகஸ்ட் 17. இப்ஸ்விச் டவுன் அணி 22 ஆண்டுகள் காத்திருந்து இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய நாள். போர்ட்மன் ரோடு மைதானம் நிரம்பி வழிந்தது. எதிரணி லிவர்பூல். இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக 22 வயது அலி அல்-ஹமாதி களம் இறங்கினார். அந்த ஆட்டத்தில் இப்ஸ்விச் 0–2 என்று தோற்றது. ஆனால் ஈராக்கில் ஸ்கோரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பிரீமியர் லீக்கில் கால்பதித்த முதல் ஈராக்கியர் அவர்தான்.

அப்படி ஒரு நாள் வாய்க்கும்போது மார்க்கப் பிடிப்புள்ள மக்களிடையே தானாக வந்துவிழும் பேச்சு ஒன்று உண்டு. அல்லாஹ் எழுதியது நடந்தது, அவருக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது என்பார்கள். நன்றி நிறைந்த பேச்சு அது. ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. இவருக்கு இதை எழுதியவன் மற்றவர்களுக்கு என்ன எழுதினான்? பிழைத்தவரைக் காப்பாற்றியது இறைவன் என்றால், பிழைக்காதவரை என்ன செய்தான்? ஈராக்கில் இது வகுப்பறைக் கேள்வி அல்ல. பல வீடுகளில் மாட்டியிருக்கும் புகைப்படங்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி.

அல்-ஹமாதி 2002 மார்ச்சில் தெற்கு ஈராக்கின் மைசான் மாகாணத்தில் பிறந்தவர். சதுப்பு நிலங்களும் எண்ணெய் வயல்களும் அடுத்தடுத்து இருக்கும் பகுதி. சதாம் உசேன் ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அவருடைய தகப்பனார் சிறைக்குப் போனார். விடுதலையான பிறகு அவர் பிரிட்டனில் தஞ்சம் தேட, சுமார் ஒரு வயதுக் குழந்தையாக இருந்த அலியும் தாயாரும் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். லிவர்பூல் நகரின் டாக்ஸ்டெத் பகுதியில் குடும்பம் காலூன்றியது. பல நாட்டு ஏழைகளும் அகதிகளும் நெருங்கி வாழும் இடம். முதல் பிரீமியர் லீக் ஆட்டம், வளர்ந்த ஊரின் அணிக்கு எதிராகவே அவருக்கு அமைந்தது.

இடையில் இருந்த ஆண்டுகளை யாரும் அதிசயம் என்று சொல்லமாட்டார்கள். டிரான்மியர் ரோவர்ஸின் இளையோர் பயிற்சியகம். பிறகு ஸ்வான்சீ. அங்கிருந்து வைகோம்ப். நடுவில் ஐந்தாம் அடுக்கு அணியான பிராம்லிக்குக் கடனாகப் போனது. 2023 ஜனவரியில் நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த ஏ.எஃப்.சி. விம்பிள்டன். அங்கே கோல்கள் குவியத் தொடங்கிய பிறகுதான் பெரிய கிளப்புகளின் கண் அவர் மேல் விழுந்தது. 2024 ஜனவரியில் இப்ஸ்விச் அவரை வாங்கியது, அதே ஆண்டு மே மாதம் அணி மேலே ஏறியது. இங்கிலாந்தின் கீழடுக்குக் கால்பந்து குளிரும் சேறும் முழங்கை இடியும் நிறைந்தது. அங்கே தன் இடத்தைப் பிடிக்கும் ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு எதுவும் மடியில் வந்து விழுவதில்லை. ஆகவே ‘எல்லாம் எழுத்து’ என்று சொல்பவர் அவருடைய உழைப்பை அழித்துவிடுகிறார். ‘எல்லாம் உழைப்பு’ என்று சொல்பவரோ அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை கடந்த தாயை மறந்துவிடுகிறார்.

உழைப்பு மட்டும் போதுமா என்பதற்கு நஷாத் அக்ரமின் கதை ஒன்றே சாட்சி. 2007 ஆசியக் கோப்பையை வென்ற ஈராக் அணியின் நடுக்களத்தை ஆண்டவர் அவர். 2008 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி அவரைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. அப்போது பயிற்சியாளர் ஸ்வென்-கோரன் எரிக்சன். எல்லாம் கூடி வந்தது, பிரிட்டனில் வேலை செய்யும் அனுமதி மட்டும் வரவில்லை. ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்கும் நாட்டின் ஆட்டக்காரருக்கே அனுமதி என்பது அன்றைய விதிமுறை. ஆசியச் சாம்பியனான ஈராக் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. போருக்கு நடுவே, சொந்த மண்ணில் சர்வதேச ஆட்டம் ஆட முடியாமல் பிற நாட்டு மைதானங்களில் அலைந்த அணி தரவரிசையில் எங்கிருந்து ஏறும்? அக்ரம் பின்னர் நெதர்லாந்தின் ட்வென்ட்டே அணியில் ஆடினார். பிரீமியர் லீக் அவருக்குக் கிடைக்கவே இல்லை. திறமையை வைத்துப் பார்த்தால் அவர் அல்-ஹமாதிக்கு ஒரு படி மேல் என்று வாதிட நிறையப் பேர் இருப்பார்கள். இளையவருக்குக் கதவு திறந்ததற்கு ஒரு காரணம், பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாக அந்தக் கதவுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்பது. ஒருவருக்கு அகதி வாழ்வே வழியானது. இன்னொருவருக்கு நாட்டில் இருந்ததே தடையானது.

இதையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி நியாயம் காட்ட முடியுமா?

நாட்டை விட்டுப் போகாதவர்களின் பக்கம் திரும்பினால் கேள்வி இன்னும் கடுமையாகிறது. தேசிய அணியில் அல்-ஹமாதியோடு முன்களத்தில் ஆடும் அய்மன் ஹுசைன் 1996இல் பிறந்தவர், கிர்குக் மாகாணத்துக்காரர். 2008இல் அவருடைய தகப்பனாரை அல்-கொய்தா கொன்றது. சில ஆண்டுகள் கழித்து அண்ணன் தம்பிகளில் ஒருவரை ஐ.எஸ். அமைப்பினர் கடத்திக்கொண்டு போனார்கள். குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது. இவ்வளவையும் சுமந்துகொண்டு அவர் 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆறு கோல் அடித்தார். அதில் இரண்டு, ஜப்பானை 2–1 என்று சாய்த்த ஆட்டத்தில். ஒரே குடும்பத்தில் பிறந்த இருவரில் ஒருவரின் பெயரைத் தோஹாவில் கூட்டம் கோஷமிட்டது, மற்றவரைக் காணவில்லை.

காணாமல் போனவர்களில் கால்பந்து ஆடியவர்கள், ஆட வேண்டியவர்கள் எத்தனை பேர்? 2016 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. பாபில் மாகாணத்தில் இஸ்கந்தரியாவுக்கு அருகே ஒரு கிராமத்து மைதானத்தில் உள்ளூர்ப் போட்டி முடிந்து கோப்பை வழங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் புகுந்த ஐ.எஸ். தற்கொலையாளி வெடித்தான். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் சிறுவர்கள். அல்-ஹமாதிக்கு அப்போது 14 வயது. அவர் லிவர்பூலில் பத்திரமாக இருந்தார். அந்த மைதானத்தில் இருந்த 14 வயதுப் பையனும் அதே பந்தைத்தான் உதைத்தான்.

இந்த இடத்தில் ஈராக்கின் மண்ணுக்கே உரிய ஒரு பழைய விவாதம் உதவிக்கு வருகிறது. இறைவனின் நீதி, மனிதனின் சுதந்திரம், விதி ஆகியவற்றைப் பற்றி இஸ்லாமிய உலகம் நடத்திய மிகப் பெரிய வாக்குவாதங்கள் பஸ்ராவில்தான் சூடு பிடித்தன. 8ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஹசன் அல்-பஸ்ரியைச் சுற்றி அமர்ந்தவர்கள் இதைப் பேசினார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த வாஸில் இப்னு அதாவிலிருந்து முஃதஸிலாக்களின் வழி தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். இறைவன் நீதியாளன், அநீதி செய்யமாட்டான், மனிதனின் தீமைக்கு மனிதனே பொறுப்பு என்பது அவர்களின் நிலை. அவர்களில் ஒரு சாரார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இறைவன் ஒவ்வோர் அடியானுக்கும் அவனுக்கு எது மிக நல்லதோ அதையே செய்கிறான் என்றார்கள். அவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. கொடுமைக்காரர்கள் தங்கள் கொடுமையை இறைவன் மேல் ஏற்றிவிட்டுத் தப்பக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. கலீஃபாக்களின் அரண்மனைகளிலிருந்து ‘எல்லாம் விதி’ என்ற குரல் வசதியாக ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது.

முஃதஸிலாக்களின் பள்ளியில் படித்தவர் பஸ்ராவின் அபுல் ஹசன் அல்-அஷ்அரி. 9ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பிறந்தவர். ஆசிரியர் அபூ அலி அல்-ஜுப்பாஈ, அன்றைய முஃதஸிலாக்களின் தலைமகன். ஒரு நாள் மாணவர் ஆசிரியரிடம் மூன்று சகோதரர்களைப் பற்றிக் கேட்டாராம். மூத்தவன் இறைபக்தனாக வாழ்ந்து இறந்தான். நடுவன் பாவியாக வாழ்ந்து இறந்தான். இளையவன் குழந்தையிலேயே இறந்துவிட்டான். அவர்களின் நிலை என்ன?

மூத்தவனுக்குச் சொர்க்கத்தில் உயர்ந்த இடம், நடுவனுக்கு நரகம், குழந்தைக்கு வேதனையில்லாத ஓர் இடம் என்றார் ஆசிரியர்.

குழந்தை எழுந்து, ‘என்னையும் வாழவிட்டிருந்தால் நானும் வணங்கி அண்ணன் இருக்கும் உயரத்துக்கு வந்திருப்பேனே’ என்று கேட்டால்?

‘நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் உன் நன்மைக்காகவே முன்பே எடுத்துக்கொண்டேன்’ என்று இறைவன் சொல்வான் என்றார் ஆசிரியர்.

அப்படியானால் நரகத்திலிருந்து நடுவன் கேட்பானே: ‘என் கதியும் உனக்குத் தெரிந்ததுதானே, என்னை ஏன் குழந்தையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை?’

ஆசிரியரிடம் பதில் இல்லை. மாணவர் அந்தப் பள்ளியை விட்டு வெளியேறினார் என்று முடிகிறது கதை. உண்மையில் இப்படி ஓர் உரையாடல் நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நூற்றாண்டுகளாக மதரஸாக்களில் சொல்லப்பட்டுவருவது இந்தக் கதைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒவ்வொருவரின் தலையெழுத்துக்கும் தனித்தனியாக நியாயம் காட்டப் புறப்பட்டால், ஒருவனுக்குச் சொன்ன நியாயமே அடுத்தவனுக்கு அநீதியாகிவிடும் என்பதை மூன்றே கேள்விகளில் இது காட்டிவிடுகிறது. அல்-ஹமாதி தப்பியது அவருக்குள் இருந்த திறமையைப் பாதுகாக்க என்று சொன்னால், இஸ்கந்தரியாவின் பையன் எழுந்து நிற்பான். அவனுக்கு வேறு நன்மை இருந்தது என்று சொன்னால், அய்மனின் வீட்டில் ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரைக் கைவிட்டது ஏன் என்ற கேள்வி வரும். இதற்கு முடிவே கிடையாது.

அஷ்அரி தாமே சொன்ன விடை வேறு. செயல்களைப் படைப்பவன் இறைவன், மனிதன் அவற்றைச் சம்பாதித்துக்கொள்கிறான், அந்தச் சம்பாத்தியத்துக்கு மனிதன் பொறுப்பு. இறைவன் யாருக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் அல்ல. இந்த விடையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் ‘கேட்கக் கூடாது’ என்று வாயை அடைக்க இதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தியும் இருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கதையில் பெரிய இடம் மாணவரின் வெற்றிக்கு அல்ல, ஆசிரியரின் மௌனத்துக்கே என்று தோன்றுகிறது. ஜுப்பாஈ நேர்மையான மனிதர். இல்லாத பதிலைச் சமைக்கவில்லை.

விதியைப் பற்றி இஸ்லாமிய மரபில் இன்னொரு சம்பவம் உண்டு. அதில் தத்துவ வாதம் இல்லை, பயணத்தின் நடுவே எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. கலீஃபா உமர் சிரியாவுக்குப் போகிறார். ஸர்க் என்ற இடத்தில் சேதி வருகிறது: முன்னே கொள்ளைநோய் பரவிக்கிடக்கிறது. கலந்து பேசிவிட்டுத் திரும்ப முடிவெடுக்கிறார். சிரியாவில் இருந்த படைகளின் தளபதி அபூ உபைதா கேட்கிறார், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்? உமர் சொன்ன பதிலின் சாரம் இது: ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கு ஓடுகிறோம். பள்ளத்தாக்கில் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைப் பசுமையில் மேய்ப்பதும் அவன் விதிப்படிதான், வறட்சியில் மேய்ப்பதும் அவன் விதிப்படிதான் என்று அவர் விளக்கினார்.

அகதியாக நாட்டை விட்டுக் கிளம்பும் எந்தக் குடும்பத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. கிளம்புவது நம்பிக்கையின்மை அல்ல. தங்குவதும் அறிவின்மை அல்ல. மைசானிலிருந்து போன தாயும், ஈராக்கிலேயே தங்கிப்போன அய்மனின் தாயும் ஒரே வானத்தின் கீழ் முடிவெடுத்தவர்கள். உமர் எந்த இடத்திலும் ‘நோயில் இறந்தவர்களுக்கு இது தகும்’ என்று சொல்லவில்லை. திரும்பிப் போகாமல் சிரியாவிலேயே இருந்த அபூ உபைதா அந்தக் கொள்ளைநோயில் இறந்தார். இருவரில் யார் செய்தது சரி என்று பின்வந்தவர்கள் தராசில் வைக்கவில்லை. இருவரையும் மரியாதையோடுதான் நினைக்கிறார்கள்.

விதி என்ற நம்பிக்கை எதிரே பார்த்து நடப்பவனுக்குத் துணிவு தரலாம், திரும்பிப் பார்த்து அழுபவனுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் பக்கத்தில் நிற்பவனின் வாழ்க்கையை விளக்குவதற்கு அது தரப்படவில்லை. பிழைத்தவர் நன்றி சொல்லட்டும். அந்த நன்றி, ‘நீ ஏன் பிழைக்கவில்லை தெரியுமா’ என்ற விளக்கமாக மாறும் கணத்தில் அதில் பக்தி போய் அகம்பாவம் புகுந்துவிடுகிறது.

நாம் விதியை எடுத்துப் பயன்படுத்தும் விதமும் சரியில்லை. அய்மன் ஆறு கோல் அடித்த அதே 2024 ஆசியக் கோப்பையில், ஜனவரி 29 அன்று ஜோர்டானுக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். ஜோர்டான் ஆட்டக்காரர்கள் முதல் கோலைப் போட்டுவிட்டு, வட்டமாக உட்கார்ந்து தங்கள் நாட்டின் மன்ஸஃப் சோற்றைச் சாப்பிடுவதுபோல் கொண்டாடினார்கள். ஈராக் சமன் செய்தது. 76ஆம் நிமிடத்தில் அய்மன் ஹுசைன் கோல் அடித்து 2–1 என்று முன்னிலை தந்தார். ஓடிப்போய்ப் புல்லில் உட்கார்ந்தார், கையால் புல்லை அள்ளிச் சாப்பிடுவதுபோல் காட்டினார். நடுவர் இரண்டாவது மஞ்சள் அட்டையை நீட்ட, அதுவே சிவப்பு ஆனது. பத்துப் பேரோடு தாக்குப்பிடித்த ஈராக், காயநேரத்தில் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் வாங்கி 3–2 என்று வெளியேறியது. அன்றிரவு ‘எழுத்து’ என்ற பேச்சு பின்னுக்குப் போனது. நடுவர்தான் குற்றவாளி. கோபம் பயிற்சியாளரின் பத்திரிகையாளர் சந்திப்பு வரைக்கும் போய்க் கைகலப்பானது. வென்றால் இறைவன், தோற்றால் நடுவர் என்றால் அது விதி நம்பிக்கை ஆகாது. அஷ்அரியின் கணக்குப்படி பார்த்தால்கூட, புல்லில் உட்கார்ந்தது அய்மனின் சம்பாத்தியம். தகப்பனை இழந்தவர், சகோதரனை இழந்தவர் என்பதற்காக அந்தப் பொறுப்பு கரைந்துவிடாது. அந்தப் பொறுப்பை அவரிடம் விட்டுவைப்பதுதான் அவரை முழு மனிதராக மதிப்பது.

விளக்கம் சொல்லும் உரிமை யாருக்காவது உண்டா? 2007இல் ஒரு தாய் அந்த உரிமையை எடுத்துக்கொண்டார். ஜூலை 25 அன்று கோலாலம்பூரில் தென்கொரியாவைப் பெனால்டியில் வீழ்த்தி ஈராக் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்தது. பாக்தாத் தெருக்களில் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தில் கார் குண்டுகள் வெடித்தன. ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். இறந்த ஒரு சிறுவனின் தாய், மகனைத் தேசிய அணிக்காகத் தான் கொடுத்த பலியாகச் சொன்னதைத் தொலைக்காட்சியில் ஆட்டக்காரர்கள் பார்த்தார்கள். போட்டியிலிருந்து விலகலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சொல் முடிவைத் தந்தது என்று தலைவர் யூனிஸ் மஹ்மூத் பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான்கு நாள் கழித்து ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவுக்கு எதிராக 72ஆம் நிமிடத்தில், கார்னரிலிருந்து வந்த பந்தை அவர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 1–0.

அந்தத் தாய் தன் மகனின் மரணத்துக்கு ஓர் அர்த்தம் கொடுத்தார். அதைக் கொடுக்க அவருக்கு மட்டுமே உரிமை இருந்தது. கோப்பைக்காக அவன் இறந்தது நல்லதுதான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அது சகிக்க முடியாத பேச்சு. ஒரே வாக்கியம் துயரப்பட்டவரின் வாயில் தியாகமாகவும் அடுத்தவரின் வாயில் கொடூரமாகவும் இருக்கிறது. நூல்கள் நிறைய வாதாடிய இந்தப் பொருளில், இந்த வேறுபாட்டைப் போதிய அளவு பேசவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இளம் ஆட்டக்காரர் அல்-ஹமாதியின் வாழ்க்கை இதற்கிடையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிரீமியர் லீக்கில் இப்ஸ்விச் நிலைக்கவில்லை, ஒரே பருவத்தில் கீழே இறங்கியது. அதற்கு முன்பே, 2025 ஜனவரியில், அல்-ஹமாதி ஸ்டோக் சிட்டிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அடுத்த பருவத்தில் மூன்றாம் அடுக்கில் இருந்த லூட்டன் டவுன். முதல் நாள் ‘எழுதப்பட்டது’ என்று பூரித்தவர்கள் இந்த நாட்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. காயம், மாற்றுப் பெஞ்சு, வேறு ஊரில் வாடகை வீடு, புதுப் பயிற்சியாளரின் நம்பிக்கையை மறுபடி முதலிலிருந்து சம்பாதிப்பது ஆகியவற்றிலும் இறைவனின் கை இருக்கிறது என்று நம்பினால்தான் விதி நம்பிக்கை நேர்மையானது. செவ்வாய்க்கிழமை இரவில் மூன்றாம் அடுக்கு ஆட்டத்தில் பத்து நிமிடம் கிடைத்தாலும் அதுவும் மார்க்கம் ‘ரிஸ்க்’ என்று சொல்லும், இறைவன் அளந்து தந்த பங்குதான்.

2025 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஈராக்கும் ஐக்கிய அரபு அமீரகமும் மோதின. அபுதாபியில் நடந்த முதல் ஆட்டத்தில் ஈராக்கின் கோலை அடித்தவர் அல்-ஹமாதி. ஆட்டம் 1–1. நவம்பர் 18 அன்று மறு ஆட்டம் பஸ்ராவில், 65,000 பேர் அமரக்கூடிய மைதானத்தில். அமீரகம் முதலில் கோல் போட்டது, மொஹனாத் அலி சமன் செய்தார். காயநேரம் நீண்டுகொண்டே போனது. பந்து கையில் பட்டதா என்று நடுவர் திரையில் பார்த்துவிட்டு ஈராக்குக்குப் பெனால்டி கொடுத்தார். காயநேரத்தின் 17ஆம் நிமிடத்தில் அமீர் அல்-அம்மாரி பந்தைப் புள்ளியில் வைத்தார். ஸ்வீடனில் பிறந்து வளர்ந்தவர், அவரும் வெளியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை.

அந்தச் சில நிமிடங்களில் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே இறைவனிடம், ஒரே மொழியில், நேர் எதிரான இரண்டு வேண்டுதல்களை வைத்திருப்பார்கள். இரண்டும் உண்மையான துஆக்கள். ஒன்று ஏற்கப்பட்டது என்று சொன்னால் மற்றது தள்ளப்பட்டது என்றாகிறது. பஸ்ராவின் மூன்று சகோதரர்களிடமே மறுபடி வந்து நிற்க வேண்டியிருக்கும். அல்-அம்மாரி கோல் அடித்தார். மொத்தக் கணக்கில் 3–2. 1990இல் ஒரே ஒரு முறை உலகக் கோப்பை ஆடிய அமீரகத்துக்கு இம்முறை மறுபடி ஆடும் வாய்ப்பு அன்றோடு முடிந்தது. அரபு நாடுகளில் தோற்றவரும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு, எல்லா நிலையிலும் இறைவனுக்கே புகழ் என்று. அதில் வென்றவரின் காரணமும் இல்லை, தோற்றவரின் குற்றமும் இல்லை. அன்றிரவு மைதானத்தின் இரண்டு உடை மாற்றும் அறைகளிலும் அதைச் சொல்ல முடிந்திருக்கும்.